கஸ்டம் ரோம் போட்டால் சார்ஜ் நிற்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் தெருவிலும் சொந்தத்திலும் யாருடைய போனில் சார்ஜ் நிற்கவில்லை என்றாலும் அது கடைசியில் என்னிடம் வந்து சேரும். பத்து வருஷமாக ரோம் மாற்றிப் பழகியவன் என்ற பெயர்தான் காரணம். அந்தப் பெயரைச் சம்பாதிக்கும் வழியில் ஒரு போனை நிரந்தரமாகத் தூங்கவும் வைத்திருக்கிறேன். அதையும் கீழே சொல்கிறேன். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளக்குவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

கஸ்டம் ரோம் என்றால் என்ன?

போனை ஓட்டும் இயங்குதளத்தைத்தான் ரோம் என்கிறோம். போன் வாங்கும்போது அதில் கம்பெனி போட்டுத் தருவது ஸ்டாக் ரோம். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலை கூகுள் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. அதை எடுத்து, ஒரு குறிப்பிட்ட மாடலுக்குப் பொருந்தும்படி தன்னார்வலர்கள் கட்டித் தருவதுதான் கஸ்டம் ரோம். 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் இதில் பெரிய பெயர். 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும் அதன் வாரிசாக லினேஜ் ஓஎஸ் வந்தது. இப்போது லினேஜ், சிஆர்டிராய்டு, எவல்யூஷன் எக்ஸ் போன்றவை புழக்கத்தில் இருக்கின்றன. பலருக்குப் பிடித்திருந்த பிக்சல் எக்ஸ்பீரியன்ஸ் 2024-இல் நின்றுபோனது.

சரி, போட்டால் பேட்டரி கூடுதலாக நிற்குமா?

சில போனில் நிற்கும். சில போனில் முன்பைவிடச் சீக்கிரம் இறங்கும். மழுப்பலாகத் தெரியலாம், ஆனால் உண்மை அதுதான்.

வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ரோம் மாற்றுவதால் தொட்டி பெரிதாகாது. 4000 எம்ஏஎச் பேட்டரி 4000-தான். ரோமால் முடிந்தது, தேவையில்லாமல் சொட்டிக்கொண்டிருக்கும் குழாய்களை அடைப்பது. கம்பெனி போட்டு அனுப்பிய விளம்பரச் செயலிகள், பூட்டுத்திரையில் படம் மாற்றுகிற செயலி, நாம் திறந்தே பார்க்காத கேம் ஸ்டோர், தீம் ஸ்டோர் எல்லாம் பின்னணியில் எழுந்து எழுந்து இணையத்தைத் தொட்டுவிட்டுப் படுக்கும். சுத்தமான ரோமில் இவை இருக்காது. அந்த மிச்சம் நிஜமான மிச்சம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கம்பெனிப் பொறியாளர்கள் அந்த மாடலின் திரை, டவரோடு பேசும் மோடம், கேமரா சிப் ஒவ்வொன்றையும் எப்போது தூங்க வைப்பது, எப்போது எழுப்புவது என்று மாதக்கணக்கில் சோதித்துச் சரிசெய்திருப்பார்கள். கஸ்டம் ரோம் கட்டுகிறவர், பெரும்பாலும் ஒரு கல்லூரி மாணவர், கையில் ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு இரவில் உட்கார்ந்து செய்கிறார். மோடம் சரியாகத் தூங்கவில்லை என்றால், விளம்பரச் செயலிகளை நீக்கி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

என்னிடம் 'சார்ஜுக்காக ரோம் மாற்றித் தா' என்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் தேவைப்பட்டது புது பேட்டரி. அதனால்தான் அடுத்த கேள்வியை யாரும் கேட்காவிட்டாலும் நானே கேட்டுவிடுகிறேன்.

பழுது ரோமிலா, பேட்டரியிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வருஷம் மேலூரிலிருந்து மச்சான் வந்தார். நாலு வருஷப் போன், 4000 எம்ஏஎச். "மாப்ள, முப்பது பர்சென்ட் காட்டும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆகுது. நீ போடுற அந்த லினேஜ இதுல போட்டுக் குடு" என்றார். முப்பதில் அணைந்து, சார்ஜர் குத்தியதும் மறுபடி இருபத்தெட்டு காட்டினால் அது ரோம் பிரச்சினை இல்லை. பழைய பேட்டரியின் உள்தடை ஏறிவிடும். கேமரா திறப்பது போல் திடீரென்று அதிக மின்னோட்டம் இழுத்தால் மின்னழுத்தம் சடாரென்று சரியும். முழு சார்ஜில் 4.4 வோல்ட் பக்கம் இருப்பது, போன் தாங்கும் எல்லைக்குக் கீழே ஒரு நொடி இறங்கினாலும் போதும், அணைந்துவிடும்.

அக்குபேட்டரி செயலியை அவர் போனில் போட்டு ஒரு வாரம் சார்ஜ் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தேன். கொள்ளளவு 2500 சுற்றித்தான் காட்டியது. தொட்டியில் முக்கால்வாசிகூட இல்லை. இதற்கு எந்த ரோமும் மருந்தில்லை.

டவுன் ஹால் ரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய கடைக்குக் கூட்டிப்போனேன். கடைத் தம்பி சூடேற்றும் தட்டில் போனைக் குப்புற வைத்துச் சில நிமிடம் விட்டார். கிட்டார் வாசிக்கும் சில்லு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் செருகி, பின்மூடியைச் சுற்றி வந்தார். மூடி கழன்றதும் அவர் முதலில் செய்தது பேட்டரி இணைப்பைப் பிடுங்கியதுதான். அதைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஒட்டியிருந்த பேட்டரியை நெம்பாமல், ஊசியில் ஆல்கஹாலை எடுத்து அடியில் விட்டுக் காத்திருந்து, அப்புறம் எடுத்தார். வெளியே வந்தது வயிறு உப்பியிருந்தது. புதிதாக மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்து, "ஒரிஜினல்னு ஒட்டியிருக்கிறதெல்லாம் ஒரிஜினல் இல்லண்ணே, கையில வச்சு கனம் பாருங்க" என்றார். 5000 என்று அச்சடித்திருந்த ஒன்று, 4000 போட்டதைவிட லேசாக இருந்தது!

மச்சான் போனில் இன்றும் ஸ்டாக் ரோம்தான் ஓடுகிறது. மாலை வரை சார்ஜ் நிற்கிறது.

பொதுவாகப் போன் பேட்டரிகள் சுமார் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும் கணக்கில் செய்யப்பட்டு வந்தன. 2025 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு 800 சுற்று என்று விதி வந்திருக்கிறது. நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்றால் இரண்டு வருஷத்துக்குள் 500 தாண்டிவிடும். பிக்சல் போன்களில் ஆண்ட்ராய்டு 14 முதல் சுற்று எண்ணிக்கையை அமைப்புகளிலேயே பார்க்கலாம்.

பின்மூடி தூக்கிக்கொண்டு வந்தாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ அந்தப் போனைச் சார்ஜில் போடவே கூடாது. அழுத்தி மூடப் பார்க்கவும் கூடாது.

முன்னும் பின்னும் எதை அளந்து பார்ப்பது?

எல்லோரும் ஸ்க்ரீன் ஆன் டைம் (ஒரு சார்ஜில் திரை எரிந்திருந்த நேரம்) ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருவர் வீட்டில் வைஃபையில் பாதி வெளிச்சத்தில் படம் பார்ப்பார். இன்னொருவர் நடுப்பகலில் மாட்டுத்தாவணியில் முழு வெளிச்சத்தில் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

நான் பார்ப்பது ராத்திரிக் கணக்கு. படுக்கும்போது எத்தனை சதவீதம், எட்டு மணி நேரம் கழித்து எத்தனை. சிம் போட்டு, வைஃபை இணைத்து, போனைத் தொடாமல் விட வேண்டும். மணிக்கு அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் இறங்கினால் நல்ல நிலை. 4000 எம்ஏஎச் பேட்டரியில் ஒரு சதவீதம் என்பது 40 எம்ஏஎச். ராத்திரியில் இருபது சதவீதம் போகிறது என்றால் ஏதோ ஒன்று தூங்கவில்லை. ஸ்டாக் ரோமில் மூன்று ராத்திரி, கஸ்டம் ரோமில் முதல் மூன்று நாளை விட்டுவிட்டு அப்புறம் மூன்று ராத்திரி. ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பினால், புதிதாகப் போட்ட எந்த ரோமும் நன்றாகத்தான் தோன்றும்.

ரோம் போட்ட அன்றே சார்ஜ் மளமளவென்று இறங்குகிறதே?

இறங்கும், பயப்பட வேண்டாம். நீங்கள் திரும்ப நிறுவிய அறுபது எழுபது செயலிகளையும் போன் தன் சிப்புக்கு ஏற்றபடி பின்னணியில் மொழிமாற்றிக்கொண்டிருக்கும். புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் பழைய உரையாடல்களை இறக்கும். 2018-இல் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்த அடாப்டிவ் பேட்டரிக்கும் நீங்கள் எந்தச் செயலியை எப்போது திறப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள நாளாகும். முதல் நாள் பார்த்துவிட்டு 'இந்த ரோம் வேஸ்ட்' என்று அடுத்த ரோமுக்குத் தாவினால், அங்கும் முதல் நாளே வரும். இப்படி வாராவாரம் தாவிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு.

வேக்லாக் என்று சொல்கிறார்களே, அது என்ன?

திரை அணைந்ததும் போன் தூங்கப் போகும். ஒரு செயலி 'கொஞ்சம் இரு, வேலை முடியவில்லை' என்று பிராசசரைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தால் அதுதான் வேக்லாக். பாட்டுக் கேட்கும்போது அது தேவை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஷாப்பிங் செயலிக்கு எதற்கு?

2015-இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த டோஸ் என்ற வசதி இதைத்தான் கட்டுப்படுத்துகிறது. போன் சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, ஆடாமல் அசையாமல் கிடந்தால், செயலிகளின் இணையத் தொடர்பை நிறுத்தி, அவ்வப்போது ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் எல்லோரையும் ஒன்றாக விடும். அடுத்த பதிப்பில், சட்டைப் பையில் ஆடிக்கொண்டிருந்தாலும் ஓரளவு வேலை செய்யும்படி ஆக்கினார்கள். ஸ்டாக் ரோமிலும் டோஸ் இருக்கிறது, கஸ்டம் ரோமிலும் இருக்கிறது. அதனால் 'எங்கள் ரோமில் டோஸ் உண்டு' என்று விளம்பரம் செய்தால் மயங்க வேண்டாம். பெட்டர்பேட்டரிஸ்டாட்ஸ் செயலிக்குக் கணினி வழியாக அனுமதி கொடுத்தால் எந்த வேக்லாக் எவ்வளவு நேரம் பிடித்தது என்று பெயரோடு காட்டும். செயலியின் வேக்லாக் என்றால் அந்தச் செயலியை நீக்கலாம். வன்பொருளை இயக்கும் அடிநிரலான கெர்னலின் வேக்லாக் என்றால் உங்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ரோமைக் கட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம், சமீபத்திய செயலிகள் பட்டியலை மேலே தள்ளித் தள்ளி மூடுகிற பழக்கத்தால் ஒன்றும் மிச்சமாகாது. அதே செயலியைப் பத்து நிமிடத்தில் மறுபடி திறந்தால், முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் கூடுதல் சார்ஜ் போகும்.

கூகுள் செயலிகள் இல்லாமல் போட்டால்?

ராத்திரிக் கணக்கு நன்றாகவே குறையும். கூகுள் பிளே சர்வீசஸ் ஓயாமல் வேலை செய்கிற ஆள். இடம் பார்ப்பது, ஒத்திசைப்பது, அறிவிப்பு வாங்குவது எல்லாம் அதன் வழியாகத்தான். லினேஜில் கூகுள் செயலிகள் தானாக வராது; வேண்டுமானால் ஜிஆப்ஸ் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். போடாமலே விட்டால் அலாரம், கேமரா, அழைப்பு, உலாவி ஓடும். ஆனால் யூபிஐ கிடையாது, பல செயலிகளில் அறிவிப்பு வராது. மைக்ரோஜி என்ற மாற்று, இடைவழி. பழைய போனைப் பாட்டுக்கும் படிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஜிஆப்ஸ் இல்லாத லினேஜ் அருமையாக இருக்கும். அன்றாடப் போனுக்குச் சரிவராது. ஜிஆப்ஸ் போடுவதென்றால் இருப்பதிலேயே சின்னத் தொகுப்பைப் போடுங்கள்.

வீட்டில் நன்றாக நிற்கிறது, வெளியே போனால் இறங்குகிறது. ரோமில் கோளாறா?

டவர். பத்துக்கு எட்டுத் தடவை அதுதான் காரணம். டவர் தூரமாக இருந்தால் போன் உரக்கக் கத்த வேண்டும். 4ஜி போன் அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை அலை அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் துளிதான் தேவை. சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் எல்லா அலைவரிசைகளிலும் தேடும். அழகர்கோவிலில் நூபுரகங்கை வரை ஏறி இறங்குவதற்குள் பையில் சும்மா கிடந்த என் போன் கணிசமாக இறங்கியிருக்கிறது. அதே போன், அதே ரோம், கே.கே. நகர் வீட்டில் நாள் முழுக்க அசையாமல் நிற்கும்.

சித்திரைத் திருவிழா இதற்கு நேர் எதிரான உதாரணம். டவர் பக்கத்திலேயே இருக்கும், சிக்னல் முழுதாகக் காட்டும். ஆனால் எதிர்சேவை அன்று தல்லாகுளத்திலும், அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் வைகைக் கரையிலும் லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் படம் அனுப்பப் பார்க்கும். ஒரு படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் திரும்பத் திரும்ப முயலும். ரோம் போட்ட மறுநாள் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து "நீ போட்டுக் குடுத்ததுலேர்ந்து சார்ஜே நிக்கல" என்று என் சித்தப்பா பையன் சண்டைக்கு வந்தான். கூட்டத்துக்குள் இருக்கும்போது டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அனுப்பு என்றேன். அவனுக்கு அழகரை அந்த நிமிடமே ஸ்டேட்டஸில் போட வேண்டும். என்ன செய்ய?

இரண்டாவது சிம் சும்மா கிடந்தாலும் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். ரீசார்ஜ் தீர்ந்துபோன சிம்மை அணைத்து வையுங்கள். 5ஜி வந்து வந்து போகிற ஊர்ப்பக்கம் என்றால் 4ஜி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். இவையெல்லாம் ரோம் மாற்றாமலே செய்யக்கூடியவை.

கெர்னல் மாற்றினால் இன்னும் நிற்குமா?

கெர்னல் என்பது செயலிகளுக்கும் வன்பொருளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி. பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் கவர்னர் அதற்குள்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கவர்னரைப் பவர்சேவ் என்று வைத்துவிட்டு, பிராசசரை மிகக் குறைந்த வேகத்தில் பூட்டிவிடுவார்கள். பலமுறை இது எதிர்மாறாகப் போகும். ஓடிப்போய் வேலையை முடித்துவிட்டுப் படுக்கிறவனைவிட, ஆமையாக நகர்ந்து நாள் முழுக்க விழித்திருக்கிறவன் அதிகம் சாப்பிடுவான். தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் ஷெட்யூட்டில் என்ற கவர்னரை அப்படியே விடுவதே மேல்.

அண்டர்வோல்ட் என்று ஒன்று உண்டு. பிராசசருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி இறங்குவதால் கொஞ்சம் குறைத்தாலும் பலன் இருக்கும். ஆனால் ஒரே மாடலில் இரண்டு போன்களின் சிப்புகள்கூட ஒன்றுபோல் தாங்காது. நண்பனுக்கு ஓடிய அளவு உங்கள் போனை நடு அழைப்பில் ரீஸ்டார்ட் ஆக்கலாம். எனக்கு அந்தப் பொறுமை போய்விட்டது.

வேகச் சார்ஜிங் போய்விடுமா?

மாடலைப் பொறுத்தது. கம்பெனிகளின் தனி வேகச் சார்ஜிங் முறைகளுக்குக் கெர்னலில் அதற்கான டிரைவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் 33 வாட் சார்ஜரும் சாதாரண சார்ஜர் மாதிரிதான் ஏற்றும். ரோமின் பதிவிறக்கப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு என்ன வேலை செய்யவில்லை என்று ஒரு பட்டியல் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். லினேஜில், போன் ஒத்துழைத்தால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போடுகிறவர்களுக்கு, என்னைக் கேட்டால், ரோம் மாற்றுவதில் பேட்டரிக்குக் கிடைக்கும் உருப்படியான நன்மை இதுதான்.

பேட்டரி காலிபரேஷன் செய்ய வேண்டுமா?

வேண்டாம். சதவீதம் சரியாகக் காட்டும் என்று நம்பிப் பலர் செய்வது பேட்டரிஸ்டாட்ஸ் என்ற கோப்பை அழிப்பது. அதனால் ஒன்றும் ஆகாது என்று ஆண்ட்ராய்டைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான டயான் ஹேக்போர்னே சொல்லிவிட்டார். எந்தச் செயலி எவ்வளவு செலவழித்தது என்ற வரவுசெலவுக் கணக்கு மட்டும்தான் அதில் இருக்கிறது. சார்ஜ் சதவீதத்தைக் கணக்கிடுவது தனி சிப்.

இந்த ஊர் வெயிலுக்கு என்ன செய்வது?

லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. முழு சார்ஜில் சூடாகக் கிடப்பது அதைவிட மோசம். அக்கினி நட்சத்திர நாளில் வண்டி ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப் ஓடவிட்டு, பவர் பேங்கையும் குத்தி, கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிற டெலிவரித் தம்பிகளின் போன்களைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். பேட்டரி 45 டிகிரியைத் தொடும்போது பல போன்கள் சார்ஜ் ஏற்றுவதைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. கேம் ஆடுகிறவர்களுக்காகச் சில ரோம்களும் கெர்னல்களும் இந்தச் சூட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி விடுகின்றன. ஏசி அறையில் ஆடுகிறவருக்கு அது சரி. மே மாத மதுரையில் வேண்டாம்.

வெயிலில் இன்னொரு செலவு திரை வெளிச்சம். அமோலெட் திரையில் கறுப்புப் பின்னணி எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று பர்டியூ பல்கலைக்கழகத்தில் 2021-இல் அளந்தார்கள். பாதி வெளிச்சத்துக்குள் வைத்துப் பார்த்தால் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம் வரை. ஆக, ராத்திரி படுக்கையில் டார்க் மோட் கண்ணுக்கு நல்லது, பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியில் அலைகிறவர்களுக்குத்தான் லாபம். ரோம் மாற்றியதும் திரைப் புதுப்பிப்பு வேகம் 120 ஹெர்ட்ஸில் நிலைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். 60-க்கு இறக்கினால் வித்தியாசம் தெரியும்.

ஜியோ, வங்கிச் செயலி எல்லாம் ஓடுமா?

ஜியோவில் பழைய முறை அழைப்பே கிடையாது, எல்லாம் 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டிதான். உங்கள் மாடலுக்கான ரோமில் வோல்ட்டி ஓடவில்லை என்றால் நெட் வரும், ஹலோ சொல்ல முடியாது. போடுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வங்கி, யூபிஐ செயலிகள், போனின் மென்பொருள் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கும். ரோம் மாற்றுவதற்காகப் பூட்லோடர் (போன் எழும்போது எந்த மென்பொருளை ஓடவிடலாம் என்று காக்கும் பூட்டு) திறந்திருந்தால் அதில் தேறுவது கஷ்டம். ஏமாற்றுவதற்கு வழிகள் இருக்கின்றன. இன்று ஓடுவது அடுத்த மாதம் ஓடாது. பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்கும்போது பணம் போகாத அனுபவம் ஒரு தடவை போதும். நான் யூபிஐக்கு ஸ்டாக் ரோம் உள்ள போனைத் தனியாக வைத்திருக்கிறேன். ஓடிடி படங்கள் பல போன்களில் 480பி தரத்துக்கு இறங்கும். காரணம் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு எல்1 தரத்திலிருந்து எல்3-க்கு இறங்குவது.

என் போனில் முடியுமா?

பூட்லோடர் திறந்தால்தான் முடியும். கூகுள் பிக்சலில் எளிது. ஷாவ்மியில் கணக்கு பதிந்து காத்திருக்க வேண்டும். ரொம்ப காலம் பலருக்கு 168 மணி நேரம் காட்டியது, ஷாவ்மியின் புதிய இயங்குதளமான ஹைப்பர் ஓஎஸ் வந்தபின் இன்னும் கெடுபிடி. சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் ஃபியூஸ் ஒன்று நிரந்தரமாகப் போய்விடும். அப்புறம் ஸ்டாக் ரோமுக்கே திரும்பினாலும், ரகசியக் கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வராது. விவோ அதிகாரபூர்வமாகத் திறக்க விடுவதில்லை.

பொதுவாக ஸ்னாப்டிராகன் சிப் உள்ள, நிறையப் பேர் வாங்கிய மாடல்களுக்கு நல்ல ரோம்கள் கிடைக்கும். 2018-இல் வந்த போக்கோ எஃப்1 நல்ல உதாரணம். கம்பெனி ஆண்ட்ராய்டு 10-உடன் நிறுத்திக்கொண்டது. லினேஜ் அதற்குப் பிறகும் பல பதிப்புகள் தந்தது. ரோம் மாற்றுவதன் நிஜமான லாபம் இங்கேதான் இருக்கிறது. சார்ஜ் அரை மணி நேரம் கூடுவதைவிட, பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன் இன்னும் மூன்று வருஷம் ஓடுவது பெரிது.

போடும்போது எதில் கவனம் வேண்டும்?

பூட்லோடர் திறந்த நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும். புகைப்படங்களையும் வாட்ஸ்அப்பையும் எடுத்து வைத்துவிட்டு, அதைத் திறந்து பார்த்து, அப்புறம் தொடங்குங்கள்.

மாடல் பெயரை நம்பாதீர்கள்; அதன் குறியீட்டுப் பெயரைப் பாருங்கள். நான் கொன்ற போனின் கதை இதுதான். ஒரே பெயரில் இரண்டு வகை விற்றார்கள். உள்ளே வேறு வேறு சிப். ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இன்னொரு வகையின் ஃபர்ம்வேரை (கம்பெனியின் அடிப்படை மென்பொருளை) ஏற்றிவிட்டேன். திரை கறுத்தது. சார்ஜர் குத்தினால்கூட அதிர்வில்லை. கணினியில் மட்டும் குவால்காம் 9008 என்று ஒரு வரி வந்தது. அது எழுப்புவதற்கான கடைசிக் கதவு. அதற்குச் சாவி கம்பெனியிடம். லோகோ வந்து வந்து போனால் அது பூட்லூப், சரிசெய்துவிடலாம். லோகோவே இல்லையென்றால்தான் பிரச்சினை.

கணினி டெஸ்க்டாப் என்றால், யூபிஎஸ் இல்லாமல் உட்கார வேண்டாம். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

கணினியிலிருந்து கேபிள் வழியாக ரோமை ஏற்றும் சைட்லோட் வேலையைச் செய்யும்போது 47 சதவீதத்தில் நின்றுவிட்டது என்று நள்ளிரவில் எனக்கு அழைப்பு வரும். பல போன்களில் 47-இல் நின்றாலும் வேலை முடிந்திருக்கும். கேபிளைப் பிடுங்காமல் போன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டாக் ரோம் ஏற்றித் தரக் கடைகள் உண்டு. கஸ்டம் ரோமை நீங்களே போடுவது நல்லது. அடுத்த மாதம் அப்டேட் வரும்போது மறுபடி கடைக்கா ஓடுவீர்கள்? யாராவது போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை மாற்றித் தருகிறேன் என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அது மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ரோம் மாற்றுவது குற்றமில்லை, வாரண்டி மட்டும் சிக்கலாகலாம்.

பிடிக்கவில்லை என்றால் பழைய ரோமுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம். ஸ்டாக் ஃபர்ம்வேரை முன்னாலேயே இறக்கி வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. இரண்டு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குப் போகவிடாத தடுப்பு) உள்ள மாடல்களில், ஏற்கெனவே போனில் இருப்பதைவிடப் பழைய ஃபர்ம்வேரை ஏற்றினால் போன் எழாது. அந்தத் தடுப்பு எண்ணை முதலில் சரிபாருங்கள். இரண்டாவது, பூட்லோடரைத் திரும்பப் பூட்டுவது. முழு ஸ்டாக் ரோம் ஏறி, ஒருமுறை போன் முகப்புவரை வந்து, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகே பூட்டுங்கள். கஸ்டம் ரோம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் பெரும்பாலான போன்கள் அத்தோடு சரி. ஷாவ்மியின் ஃபிளாஷ் கருவியில் 'அழித்துப் பூட்டு' என்பதே முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்துமுன் கீழே வலது மூலையை ஒருமுறை பாருங்கள்.